பூனைக்காலி விதையும் நடுக்குவாதமும்

வேலியோரங்களிலும் புதர்க்காடுகளிலும் படர்ந்து வளரும் பூனைக்காலிக் கொடியின் காய் மீது அடர்ந்த சுணை உண்டு. அது உடலிற் பட்டால் தாங்கொணா அரிப்பு ஏற்படும். ஆயினும், அக்காயினுள் இருக்கும் விதை நம் நாட்டு வைத்தியத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது.

1937-ஆம் ஆண்டில் சென்னையைச் சேர்ந்த தாமோதரன், ராமசுவாமி என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் இவ்விதையினின்று ‘எல்-டோப்பா’ என்னும் அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தனர். அதன் மருத்துவப் பயன் அக்காலத்தில் எவருக்கும் புலப்படவில்லை.

மூளையின் ஆழத்தே கருநிறப் பகுதி ஒன்று உளது. அங்குள்ள உயிரணுக்கள் ‘டோப்பமின்’ என்னும் பொருளை உண்டாக்குகின்றன. உடலின் அசைவு சீராக நிகழ அது இன்றியமையாதது. இவ்வணுக்கள் அழியுங்கால் கை நடுங்கும், தசை விறைக்கும், நடை தளரும். 1817-இல் ஜேம்ஸ் பார்க்கின்ஸன் விவரித்த நடுக்குவாதம் இதுவே. குறைந்த டோப்பமினை நேரே கொடுத்தால் ஆகாதோ எனில், ஆகாது. இரத்தத்தினின்று மூளைக்குட் புக அதனால் இயலாது. டோப்பாவோ உட்புகுந்து, ஆங்கே டோப்பமினாக மாறுகிறது.

1957-இல் ஸ்வீடன் நாட்டுக் கார்ல்ஸன், ரிசர்ப்பின் மருந்தினால் அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு டோப்பாவைச் செலுத்த, அவை மீண்டும் நடமாடின. (ரிசர்ப்பினும் நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரிற் கிடைப்பதே.) 1967-இல் அமெரிக்காவிற் கோட்சியாஸ், அளவைச் சிறிது சிறிதாக உயர்த்தி வாய்வழியே கொடுத்து நோயாளரிடம் நற்பயன் கண்டார். இன்றும் இந்நோய்க்கு அதுவே தலையாய மருந்து. நோயின் குறிகளைத் தணிப்பதன்றி, அழிந்த அணுக்களை அது மீட்பதில்லை.

ஆயின் விதையையே பொடித்து உண்ணலாமா? 2004-இல் வெளியான இங்கிலாந்து ஆராய்ச்சியொன்றில், 30 கிராம் விதைத் தூள் மாத்திரையினும் விரைவில் வேலை செய்து, அதனினும் நீடித்தது. எனினும் அதிற் பங்கு கொண்டோர் எண்மரே. இதனைக் கொண்டு முடிவு கட்டுதல் பொருந்தாது.

விதையில் டோப்பா ஏறத்தாழ நூற்றுக்கு 4 முதல் 6 பங்கு வரை இருக்கும். வகைக்கும் விளைநிலத்துக்கும் ஏற்ப அது மாறும். மூளைக்கு வெளியே டோப்பமினாக மாறும் பகுதி குமட்டலையும் வாந்தியையும் விளைவிக்கும். அதைத் தடுக்கவே மாத்திரைகளில் கார்பிடோப்பா சேர்க்கப்படுகிறது. விதைத் தூளில் அத்தகைய காப்பு இல்லை. தென்னாட்டு மலைவாழ் மக்களுட் சிலர் இவ்விதையைப் பன்முறை வேகவைத்து, ஒவ்வொரு முறையும் நீரை வடித்துவிட்ட பின்னரே உண்கின்றனர். வடித்த நீருடன் டோப்பாவும் பெரும்பாலும் வெளியேறிவிடும்.

மாத்திரை உண்டு வருவோர் மருத்துவர் அறியாமல் தூளையும் சேர்ப்பின், அளவு மிஞ்சி, கைகால்கள் தம் வசமின்றி ஆடும். இரத்த அழுத்தம் திடீரெனத் தாழும். இல்லாத உருவங்கள் கண்முன் தோன்றுதலும் உண்டு.