தோற்ற அணியும் பயிற்றுநர் பணிநீக்கமும்

சங்ககிரி மலைக்கோட்டையின் அடிவாரத்தில் நின்று நெடுஞ்சாலையை நோக்குவார்க்கு முதலிற் கண்ணிற்படுவன லாரிகளே. இவ்வூரின் உயிர்த்தொழில் அது. ஓர் ஓட்டுநரின் கையில் வண்டி போதிய மைலேஜ் தரவில்லையென்றால், தொழிலிற் பழுத்த உரிமையாளர் உடனே சாவியைத் திருப்பி வாங்கிவிடுவதில்லை. எந்தப் பாதையிற் சென்றார், எவ்வளவு பாரம் ஏற்றினார், டயர் தேய்ந்திருந்ததா, டீசல் பம்பில் பழுதா என்று ஒவ்வொன்றாக வினவுவார். ஆனால் குடித்துவிட்டு வண்டியைத் தொட்டார் என்று அறிந்தால், அன்று மாலையே கணக்கு முடித்து அனுப்பிவிடுவார். குறைந்த பயன் வேறு, குற்றம் வேறு என்னும் இந்த வேறுபாட்டை லாரிப் பட்டறையில் கற்ற அளவிற்கு நம் கல்லூரி ஆட்சிக்குழுக்கள் கற்றுள்ளனவா என்பதே இக்கட்டுரையின் வினா. எடுத்துக்கொண்ட பொருள் கூடைப்பந்துப் பயிற்றுநர். அணி தொடர்ந்து தோற்கின்றது. பயிற்றுநரை எப்போது விலக்கலாம்?

இதனைச் சிறு செய்தியென மாணவச் செல்வங்களும் ஆசிரியப் பெருமக்களும் எண்ணுதல் கூடாது. இளங்கலைப் படிப்பு மூன்றாண்டு. விளையாட்டை நம்பிக் கல்லூரிக்கு வரும் ஓர் ஏழை மாணவனுக்கு ஆடுகளத்தில் வாய்ப்பதும் அந்த மூன்றாண்டுதான். திறமையற்ற பயிற்றுநரை இரக்கத்தால் வைத்துக்கொண்டால் அம்மூன்றாண்டும் பாழாகும். திறமையுள்ளவரை அவசரத்தால் அனுப்பினாலோ ஒருவர் பிழைப்புக் கெடுவதோடு அடுத்து வருபவர் அச்சத்தோடே வருவார். இரு பக்கமும் இழப்பு உண்டு.

முதற்கண் இவ்விளையாட்டின் வரலாற்றிலேயே ஒரு வியப்பு உள்ளது. கூடைப்பந்தை 1891-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் உருவாக்கியவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். பின்னர் அவரே கன்சாஸ் பல்கலைக்கழக அணியின் முதற் பயிற்றுநரானார். அவர் காலத்தில் அவ்வணி வென்றவை 55 ஆட்டங்கள், தோற்றவை 60. அப்பல்கலைக்கழகத்தின் பயிற்றுநர் வரிசையில் வெற்றியினும் தோல்வி மிகுந்தவர் ஆட்டத்தைக் கண்டுபிடித்த அவர் ஒருவரே! உடற்பயிற்சியும் ஒழுக்கமும் தருவதற்கே விளையாட்டு என்று அவர் கருதினார். அதே ஸ்பிரிங்ஃபீல்டிற் பயின்று வந்த ஹாரி குரோ பக் என்பார் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியைத் தோற்றுவித்தார். தமிழகக் கல்லூரிகளின் உடற்கல்வி இயக்குநர் பலர் அக்கல்லூரியின் வழிவந்தவர். ஆதலின் 'விளையாட்டு எதற்கு?' என்னும் கேள்விக்கு ஆட்சிக்குழு முதலில் விடை கண்டாக வேண்டும். கோப்பைக்கு என்றால் ஓர் அளவுகோல். மாணவர் உடலும் ஒழுக்கமும் செம்மையுற என்றால் மற்றோர் அளவுகோல். ஒன்றைச் சொல்லிப் பணியமர்த்தி மற்றொன்றைக் காட்டி விலக்குவது நேர்மையன்று.

தமிழ் மரபு இதுபற்றி வாய்மூடி இருக்கவில்லை. வள்ளுவப் பெருந்தகை தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்களை ஆளைத் தேர்வதற்கும் அவர்பால் வேலையை ஒப்படைப்பதற்கும் என்றே வகுத்தார். ஆராயாது நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுவதும் ஒருங்கே தீராத் துன்பம் தரும் என்பது முன்னதன் முடிபு. இதைமட்டும் படித்தவர் 'ஒருமுறை அமர்த்திவிட்டால் விலக்கவே கூடாது போலும்' என்று மயங்கக்கூடும். பின்னதோ, எவ்வகையால் ஆராய்ந்து தெளிந்தாலும் வேலையில் இறங்கியபின் வேறுபட்டுப் போவார் பலர் உளர் என்னும் உலகியலையும் ஒளிக்காது உரைக்கின்றது. நேர்முகத் தேர்வில் நன்கு பேசியவர் ஆடுகளத்தில் எப்படியிருப்பார் என்பதை ஆடுகளமே காட்டும் அன்றோ!

உத்திரமேரூரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) இன்னும் தெளிவானவை. குடவோலையால் வாரியத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டோர்க்குப் பதவிக்காலம் 360 நாள். அக்காலம் முடியும்வரை அவர் இருப்பர். ஆயின் குற்றங் காணப்பட்டால் உடனே விலக்கப்படுவர். முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவர்க்கு மீண்டும் வாய்ப்பில்லை. குறித்த காலம், காலமுடிவிற் கணக்கு, குற்றத்திற்கு உடனடி நீக்கம் ஆகிய மூன்றையும் ஆயிரத்தொரு நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சிற்றூர்ச் சபை கல்லிற் பொறித்து வைத்தது.

பொறுமையின் பயனுக்கு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் சிறந்த சான்று. 1980-இல் மைக் ஷிஷெவ்ஸ்கி என்னும் இளைஞர் அங்குக் கூடைப்பந்துப் பயிற்றுநராக அமர்ந்தார். முதற் பருவத்தில் 17 வெற்றி, 13 தோல்வி. இரண்டாம் பருவத்தில் 10 வெற்றி, 17 தோல்வி. மூன்றாவதில் 11-க்கு 17. அப்பருவத்தின் கடைசி ஆட்டத்தில் வர்ஜீனியாவிடம் 109-66 என்னும் கணக்கில் நொறுங்கியது அணி. நன்கொடை தரும் பழைய மாணவர்கள் அவரை நீக்குமாறு முழங்கினர். விளையாட்டுத்துறை இயக்குநர் டாம் பட்டர்ஸ் அதற்குச் செவிசாய்க்கவில்லை. மாறாக, 1984 தொடக்கத்தில் ஒப்பந்தத்தை நீட்டித்தார். பயிற்சி நடக்கும் முறையையும், சேர்ந்துள்ள இளம் வீரர்கள் வளர்ந்து வருவதையும் அவர் அறிந்திருந்தார். 1986-இல் அணி இறுதியாட்டம் வரை சென்றது; 1991 முதல் 2015 வரை ஐந்து முறை தேசிய வாகையர் ஆயிற்று. ஷிஷெவ்ஸ்கி 42 பருவங்கள் பணியாற்றி 2022-இல் தாமே ஓய்வு பெற்றார்.

இதற்கு நேர்மாறானது இந்தியானா பல்கலைக்கழகத்து நிகழ்ச்சி. பாப் நைட் 1976, 1981, 1987 ஆண்டுகளில் மும்முறை தேசியப் பட்டம் பெற்றுத் தந்தவர். ஆனால் பயிற்சியின்போது ஒரு மாணவரின் கழுத்தில் அவர் கைவைத்த ஒளிப்படப் பதிவு வெளியாயிற்று. இனி ஒரு தவறும் பொறுக்கப்படாது என எச்சரிக்கப்பட்டும் நடத்தை திருந்தாமையால் 2000 செப்டம்பரில் விலக்கப்பட்டார். மாணவர் கிளர்ச்சி செய்தனர். எனினும் முடிவு மாறவில்லை. தோற்றவர் இருந்தார், வென்றவர் சென்றார். இவ்விரண்டும் சரியான முடிபுகளே என்பது என் கருத்து.

நம் நாட்டு நடைமுறையோ பெரும்பாலும் அவசரமானது. 2017 செப்டம்பரில் இந்திய ஆடவர் ஹாக்கி அணியின் பயிற்றுநர் ஓல்ட்மான்ஸ் நீக்கப்பட்டார். ஷோர்ட் மரைன் வந்தார். எட்டு மாதத்தில் அவர் மகளிர் அணிக்கு மாற்றப்பட, ஹரேந்திர சிங் வந்தார். 2019 சனவரியில் அவரும் விலக்கப்பட்டு, ஏப்ரலில் கிரஹாம் ரீட் அமர்ந்தார். இரண்டாண்டு நிறைவதற்குள் நால்வர்! ரீட் நிலைத்து நின்றதன் பின்னரே 2021-இல் டோக்கியோவில் வெண்கலம் கிட்டியது. ஆடவர் அணிக்குப் பொருந்தார் என ஒதுக்கப்பட்ட மரைனோ, அதே டோக்கியோவில் மகளிர் அணியை முதன்முறையாக ஒலிம்பிக் அரையிறுதிக்கு அழைத்துச் சென்றார். ஓரிடத்தில் ஒளிராதவர் வேறிடத்தில் ஒளிர்வர்; இடமாற்றமும் ஒரு தீர்வே.

கால்பந்திற் கண்டது வேறு பாடம். இகோர் ஸ்டிமாட்ச் 2019 முதல் இந்திய அணியின் பயிற்றுநர். 2024 சனவரியில் ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டங்களிலும் ஒரு கோலும் அடியாமல் அணி தோற்றது. மார்ச்சில் குவஹாத்தியில் ஆப்கானித்தானிடம் வீழ்ந்தது. சூனில் அவர் நீக்கப்பட்டார். காரணம் வலிதே. ஆயின் முந்தைய ஆண்டே 2026 வரை ஒப்பந்தத்தை நீட்டித்திருந்தமையால் 4 லட்சம் டாலர் கொடுத்து வழக்கைத் தீர்க்க நேர்ந்தது. எழுதும் நாளிலேயே முறிவைப் பற்றி எழுதாதவர், முறியும் நாளிற் பணத்தால் எழுதுவர்.

நம்மைப் போன்ற சிறுபான்மைக் கல்வி நிறுவனங்களின் நிருவாகிகள் சட்டத்தையும் ஓர்தல் வேண்டும். 1974-இல் அகமதாபாத் புனித சவேரியார் கல்லூரி வழக்கிலும், 2002-இல் டி.எம்.ஏ. பாய் அறக்கட்டளை வழக்கிலும் உச்சநீதிமன்றம் நிருவாகத்தின் உரிமையை உயர்த்திப் பிடித்தது. ஊழியர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வெளி அதிகாரியின் முன்அனுமதி தேவையில்லை எனப் பின்னைய தீர்ப்புரைத்தது. அதனாலேயே பொறுப்பு மிகுகின்றது. உள்விசாரணை நடத்துதல், குற்றச்சாட்டை எழுத்தில் தந்து விளக்கம் கேட்டல், பாதிக்கப்பட்டவர் முறையிடத் தீர்ப்பாயம் இருத்தல் ஆகியவற்றையும் அத்தீர்ப்பு வலியுறுத்தியதை நாம் மறைத்துப் பேசுதல் தகாது. உரிமையை மட்டும் மேடையிற் சொல்லி, முறையைக் கோப்பில் மறப்பது நம்மிடம் உள்ள நோய்.

இனி வினாவிற்கு வருவோம். மாணவரை அடித்தல், பணம் கையாடல், தகுதியற்றவரைப் போலிச் சான்றோடு ஆடவைத்தல், மாணவியரிடம் முறைகேடாக நடத்தல் எனில் ஆண்டுக்கணக்குப் பார்த்தல் வேண்டா. உடனே விலக்கி வைத்து விசாரித்தலே கடன். கோப்பைகள் நிறைந்த அலமாரி அவர்க்குச் சாட்சியாகாது.

தோல்வி மட்டுமே குறையெனில் மூன்றாண்டு தருக. அவர் தாமே தேர்ந்து சேர்த்த முதலாண்டு மாணவர் இறுதியாண்டு எய்தும் காலம் அது. அதற்கு முன் அவர் எண்ணுவது பிறர் விதைத்த அறுவடையை. அக்காலத்தில் கல்லூரி என்ன கொடுத்தது என்பதையும் எழுதிவைக்க. ஒரு கல்லூரியில் நான் கண்டது: பயிற்றுநர்மீது விளக்கம் கேட்கும் கடிதம் தட்டச்சாகிக்கொண்டிருந்தது, வெளியே ஆடுகளத்தில் ஒரு கம்பத்தில் வளையமே இல்லை. மாலை ஆறு மணிக்குமேல் விளக்கில்லை. ஆய்வக வகுப்பு முடிந்து அறிவியல் மாணவர் வருவதோ ஐந்தரைக்கு. தொகுப்பூதியத்தில் இருந்த அம்மனிதர் பந்துக்குக் காற்றடிக்கும் பம்பைத் தம் வீட்டிலிருந்து கொண்டுவந்தார். அக்கடிதத்தை யார் யார்க்கு எழுதியிருக்க வேண்டும்?

கொடுக்கவேண்டியவற்றைக் கொடுத்து, குறையை இரண்டாமாண்டு முடிவில் எழுத்தில் உணர்த்தி, அதன்பின்னும் மாணவர் பயிற்சிக்கு வருவது குறைந்து, வந்தவரின் ஆட்டமும் வளராது, பெரியார் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கிடையேயான போட்டிகளில் முதற்சுற்றோடு திரும்பும் நிலையே நீடித்தால், நான்காம் ஆண்டுக்கு அவரை நீட்டித்தல் கூடாது. 'பாவம், குடும்பஸ்தர்' என்று சொல்வார் உண்டு. அவர் குடும்பத்திற்கு வேறு பணி தேடித் தரலாம். அலுவலகத்தில் இடமிருந்தால் அமர்த்தலாம். பன்னிரண்டு மாணவரின் காலத்தை அதற்கு விலையாகக் கொடுக்க ஆட்சிக்குழுவிற்கு உரிமையில்லை.

விலக்கும் முடிவைப் போட்டிக் காலத்தின் நடுவில் அறிவிக்காது, ஏப்ரலில் ஆண்டு முடியும்போது செயலரே நேரில் அழைத்துச் சொல்லுதல் தக்கது. சூனில் வேறு கல்லூரி திறக்குமுன் அவர் இடந்தேட இரு மாதம் கிடைக்கும். நிலுவை ஊதியமும் பணிச்சான்றும் அன்றே கையில் தரப்பட வேண்டும். மாணவர்க்குச் செய்தி ஆடுகளத்திலேயே, அவர் உடனிருக்கும்போது சொல்லப்பட வேண்டும். தேநீர்க் கடையில் அவர்கள் கேட்டறிதல் ஆகாது.