ஈப்போவில் பவளத் தொட்டி: சிக்கனமாகத் தொடங்க

முதலில் வெப்பத்தைக் கவனியுங்கள். பவளங்களுக்கு 25 முதல் 27 டிகிரி ஏற்றது. தகரக் கூரை போட்ட பழைய தோட்டத்து வீடுகளில் மதியத்தில் தொட்டி நீர் 30ஐத் தாண்டிவிடும். குளிர்விக்கும் கருவி விலை அதிகம். நீர்ப்பரப்பின் மேல் காற்று படும்படி சிறு மின்விசிறி வைத்தாலே இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் நீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். அதனால் ஆவியான அளவுக்குத் தினமும் ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடுபரவல்) முறையில் வடிகட்டிய நன்னீரையே ஊற்றுங்கள்; உப்புநீர் கூடவே கூடாது.

தொட்டியை நிரப்ப லூமுட் கடற்கரை நீரை அள்ளி வராதீர்கள்; அது கலங்கலானது. ஆர்.ஓ. நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் செயற்கைக் கடலுப்பு கரைத்து, ஒப்படர்த்தி 1.025 இருக்கிறதா எனப் பாருங்கள். சமையல் உப்பு ஆகாது.

மிகச் சிறிய தொட்டி மலிவுதான், ஆனால் நீரின் தன்மை சட்டென மாறும். இரண்டடித் தொட்டி வாங்குங்கள். கல் போட்டு நான்கு முதல் ஆறு வாரம் பொறுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமான பிறகே உயிர்கள்.

தொடக்கத்துக்குக் காளான் பவளம் போன்ற மென்பவளங்கள் போதும். தொட்டியில் வளர்த்த துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். கடல் பூங்காக்களில் அனுமதியின்றிப் பவளம் எடுப்பது 1985 மீன்வளச் சட்டப்படி குற்றம். ஸோவாந்திட் வகைகளில் கடும் நஞ்சு இருக்கலாம். கையுறையோடு தொடுங்கள், அவை ஒட்டிய கல்லைக் கொதிக்க வைக்கவே வேண்டாம்.