திரும்பும் இடம் தெரிந்து நடங்கள்

எங்கள் தெருவில் இந்தத் தை மாதத்திலிருந்து நாலைந்து பேர் காலையில் நடக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களில் ஒரு தம்பி கேட்டார்: "ஐயா, உங்கள மாதிரி அழகர்கோவில் வரைக்கும் நடக்கணும்னா எத்தனை நாள் ஆகும்?" மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்க் கரைகளிலும் மலையடிவாரங்களிலும் முப்பது வருஷமாக நடக்கிறேன். அந்தத் தம்பிக்குச் சொன்னதை இங்கே எல்லோருக்குமாகச் சொல்கிறேன்.

1. முதல் மாதம் தூரத்தைக் கணக்கிடாதீர்கள், நேரத்தைப் பாருங்கள். 10 நிமிஷம் போங்கள், 10 நிமிஷம் வாருங்கள். தினமும் அதே நேரத்துக்குச் செருப்பு மாட்டுகிற பழக்கம் வந்தால் போதும். சர்க்கரை, ரத்த அழுத்தம், நெஞ்சு அடைப்பு என்று எதுவும் இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

2. எங்கே திரும்புவது என்று கிளம்பும்போதே முடிவு செய்யுங்கள். நான் சொல்லப்போகும் எல்லாவற்றிலும் இதுதான் முதன்மை. போகும்போது காலை வெயில் இதமாக இருக்கும், பேச்சு சுவாரஸ்யமாக இருக்கும், கால் எதையும் சொல்லாது. களைத்தபின் திரும்பினால், வந்த தூரம் முழுவதையும் அந்தக் களைப்போடு கடக்க வேண்டும். நடக்கத் தொடங்கிய இரண்டாவது மாதமே நான் யார் பேச்சையும் கேட்காமல் அழகர்கோவிலுக்குக் கிளம்பினேன். மதுரையிலிருந்து 21 கிலோமீட்டர். அப்பன்திருப்பதி தாண்டியபோது வலது குதிகாலில் ஈரம் தெரிந்தது. வியர்வை என்று நினைத்தேன். கோவில் வாசலில் கழற்றிப் பார்த்தால் கொப்புளம் உடைந்து சாக்ஸ் தோலோடு ஒட்டியிருந்தது. பேருந்தில் திரும்பினேன். அதன்பிறகு மூன்று வாரம் தெருமுனைக்குக்கூடப் போக முடியவில்லை.

3. மூச்சு சீக்கிரம் பழகிவிடும். சில வாரங்களிலேயே இளைப்பு குறைந்து, இன்னும் போகலாம் என்று தோன்றும். அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். தசைநாரும் எலும்பும் மூட்டும் பழக மாதக்கணக்கில் ஆகும். ஆகவே வாரநாட்களில் அரைமணி நேரத்தோடு நிறுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை நடையை மட்டும் நீட்டுங்கள். 40 நிமிஷத்தில் தொடங்கி வாரம் 10 நிமிஷம் கூட்டுங்கள். ஒவ்வொரு நாலாவது வாரமும் கூட்டாமல், பாதியாகக் குறைத்து நடங்கள். இப்படிப் போனால் ஆறு மாதத்தில் 4 மணி நேர நடை கைவரும். மண்பாதையில், நின்று இளைப்பாறுவதையும் சேர்த்தால், அது 14, 15 கிலோமீட்டர். அழகர்கோவிலுக்கு ஒரு வருஷம் வைத்துக்கொள்ளுங்கள்.

4. ஷூவை மாலையில் வாங்குங்கள். நாள் முழுக்க நின்ற கால் அப்போது சற்று வீங்கியிருக்கும், நெடுந்தூரம் நடந்த காலும் அப்படித்தான் இருக்கும். விரல் நுனிக்கு முன்னால் கொஞ்சம் இடம் வேண்டும். இல்லையென்றால் இறக்கத்தில் பெருவிரல் நகம் இடித்துக் கறுத்துப்போகும். புது ஷூவோடு நீண்ட நடைக்குப் போகவே கூடாது. கொப்புளத்துக்கு ஈரமும் உராய்வும்தான் காரணம் என்பதால் மாற்று சாக்ஸ் ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். எங்காவது லேசாக எரிந்தால் அந்த இடத்திலேயே உட்கார்ந்து கழற்றுங்கள். மணல் இருந்தால் தட்டுங்கள், காலைத் துடையுங்கள், எரியும் இடத்தில் பிளாஸ்திரி ஒட்டுங்கள். இரண்டு நிமிஷ வேலை. "அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்" என்பதுதான் என் குதிகாலைக் கெடுத்தது.

5. மண்பாதைக்கு முதல் பள்ளிக்கூடம் கண்மாய்க் கரை. உயரமாக இருக்கும், வழி தவறாது, ஒருபக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல். ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து கண்மாய் நிறைந்தபின், மார்கழியிலிருந்து மாசி வரை நடக்கப் பொன்னான காலம். மடையிலிருந்து கலுங்கு வரை போய்த் திரும்புங்கள். அடுத்த மாதம் மலையடிவாரம். கீழக்குயில்குடிக்குப் போனால் அய்யனார் கோவில், தாமரைக்குளம், ஆலமரம் எல்லாம் சமணர் மலைக்குக் கீழேயே இருக்கின்றன. பேச்சிப்பள்ளத்துக்குப் படியேறி, சுனைக்கு மேலே வரிசையாக நிற்கும் சமணச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். ஏற்றம் என்றால் என்ன என்று முழங்காலுக்குத் தெரியவரும். ஏறும்போது அடியைச் சிறிதாக வையுங்கள், இறங்கும்போது இன்னும் சிறிதாக.

ஒத்தக்கடையிலிருந்து யானைமலையை ஒட்டி நரசிங்கம் போவதும் நல்ல நடை. அங்கே உள்ள குடைவரைக் கோவிலை 770 வாக்கில் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி குடையத் தொடங்கினார். முடிக்குமுன் இறந்துவிட்டார். அவர் தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து நிறைவு செய்தார். கல்வெட்டில் இருக்கிற செய்தி இது. அந்தக் கல்லின் முன் உட்கார்ந்து தண்ணீர் குடித்தால் கால்வலி மறந்துபோகும்.

6. தாகம் எடுக்குமுன் குடியுங்கள், ஆனால் மடமடவென்று வேண்டாம். கால்மணிக்கு ஒருமுறை இரண்டு மூன்று வாய் போதும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் வெறும் தண்ணீர் போதாது. வியர்வையில் உப்பும் போகிறது. உப்பிட்ட நீர்மோர், எலுமிச்சைச் சாறு, கடையில் கிடைக்கும் உப்புக்கரைசல் பொட்டலம், ஏதாவது ஒன்று இருக்கட்டும். சாப்பாட்டுக்குப் புளிசாதம். கெடாது, உப்பும் எண்ணெயும் உண்டு.

7. பங்குனி முதல் ஆவணி வரை காலை 8 மணிக்கு நடை முடிந்திருக்க வேண்டும். தலை சுற்றினாலோ, வியர்ப்பது நின்றாலோ, குமட்டினாலோ உடனே நிழலுக்குப் போய் உடம்பை நனையுங்கள். அன்றைய நடை அதோடு சரி. பேச்சு குழறினால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

8. சீமைக்கருவேல முள் செருப்பின் அடியைத் துளைத்து ஏறும். கருவேலங்காட்டுப் பக்கம் ரப்பர் செருப்போடு போகாதீர்கள்.

9. நாய் குரைத்தால் ஓடாதீர்கள். நில்லுங்கள், முறைக்காதீர்கள், கம்பைத் தரையில் ஊன்றி மெல்ல விலகுங்கள். கடித்துவிட்டால், சின்னக் கீறலாக இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றே ஊசி போட்டுக்கொள்ளுங்கள். இருட்டில் வரப்பில் நடக்க வேண்டாம். அது விரியன் நடமாடும் நேரம்.

10. வயல் வழியே போகும்போது வரப்பைவிட்டு இறங்காதீர்கள். நாற்றங்கால் ஓரம் ஒற்றை ஆளாகப் போங்கள். பம்புசெட்டில் குடிக்க வேண்டுமானால் கேட்டுக் குடியுங்கள். எதிரில் வருகிறவரிடம் முதலில் நீங்கள் பேசுங்கள். "எந்த ஊரு? எங்கிட்டுப் போறீக?" என்று கேட்பார்கள். அது சந்தேகமில்லை, விசாரிப்பு. ஒருமுறை மேலூர்ப் பக்கம் ராமநாதபுரத்துக் கீதாரி ஒருவரோடு ஒரு காலை முழுக்க நடந்தேன். கிடை போட ஆடுகளோடு தஞ்சாவூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். வேகமாக நடக்கிற ஆளாகவே தெரியவில்லை. ஆனால் நான்தான் பின்தங்கினேன். கவனித்தால், அவர் அடி நீளமில்லை, பாதம் தரையைவிட்டு அதிகம் எழவுமில்லை. கம்பைத் தோளில் குறுக்காகப் போட்டு இரண்டு கையையும் அதில் தொங்கவிட்டிருந்தார். ஆடு மேய நின்றபோதெல்லாம் அவரும் நின்றார். அன்றிலிருந்து என் நடையும் மாறிவிட்டது.

11. நிற்பதைக் குறையாக எண்ணாதீர்கள். சித்திரையில் மலையிலிருந்து கிளம்பும் அழகரே நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் நின்று நின்றுதான் மதுரைக்கு வருகிறார். 50 நிமிஷத்துக்கு ஒருமுறை 5 நிமிஷம் நில்லுங்கள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டிக்குப் போனால் இன்னும் அதிகமாக நிற்க வேண்டும். வல்லூறு பாறைமேல் வட்டமிடுவதைப் பார்க்காமல் கடந்து போகிறவர் அங்கே வந்ததில் என்ன இருக்கிறது?

12. துணையோடு போங்கள். தனியே போவதானால் எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

13. நீண்ட நடை முடிந்த இரவு கணுக்காலும் கெண்டைக்காலும் பிடித்துக்கொள்ளும். வெந்நீரில் குளித்துவிட்டுக் காலைச் சற்று உயரமாக வைத்துப் படுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் விரலிடுக்கு, அடிப்பாதம் எல்லாம் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். உங்களுக்கு வலி தெரியாமலே புண் வந்திருக்கலாம். மறுநாள் காலை படுத்தே இருக்காதீர்கள். புண் ஏதும் இல்லையென்றால் பழைய செருப்பை மாட்டிக்கொண்டு, 10 நிமிஷம் போய் 10 நிமிஷம் வாருங்கள். நானும் தெருமுனை டீக்கடையில்தான் இருப்பேன்.