ஊர்பேரிலாச் சங்கம்

சரித்திர நூல்களிற் பெருங் கிளர்ச்சிகளைப் பற்றிப் படிக்குங்கால், தலைவர்களின் பெயர்களும் அவர்தம் பிரசங்கங்களும் நம் மனத்திற் பதிகின்றன. அக்கிளர்ச்சி நடந்த நாட்களில் வண்டிகளுக்கு எண்ணெய் வாங்கியவர் யார், அதற்குரிய பணம் எங்கிருந்து வந்தது என்னுங் கேள்வி நமக்குத் தோன்றுவதேயில்லை. பரீட்சையிலும் அது கேட்கப்படுவதில்லை. ஆயினும், ஒரு முயற்சி ஒரு வாரத்தில் ஓய்ந்துபோவதும் ஓராண்டு நிலைத்து நிற்பதும் பெரும்பாலும் அக்கேள்விக்குரிய விடையையே பொறுத்தவை. கல்லூரி விழாவன்று ஒரு மூலையிற் பலகாரக் கடை வைத்துத் தருமத்துக்குப் பணம் சேர்ப்போரைக் கண்டு, ‘இதனால் என்ன சேர்ந்துவிடப் போகிறது?’ என்று புன்னகையோடு கடந்து சென்றவர்களில் யானும் ஒருவன். அமெரிக்க நாட்டில் மாண்ட்கமரி என்னும் நகரிலே கேக்கு விற்ற சில ஸ்திரீகளின் வரலாற்றைப் படித்தபின் அப்புன்னகை என்னைவிட்டு நீங்கிற்று. அவ்வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுந்தேன்.

மாண்ட்கமரி, அலபாமா மாகாணத்தின் தலைநகரம். 1950-களில் அந்நகரத்துப் பஸ்களில் முன்னிருக்கைகள் வெள்ளையருக்கும் பின்னிருக்கைகள் கறுப்பின மக்களுக்கும் என வகுக்கப்பட்டிருந்தன. பயணிகளிற் ஏறக்குறைய முக்காற் பங்கினர் கறுப்பின மக்களே. எனினும், வெள்ளையருக்கு இடம் போதாவிடின் அவர்களே எழுந்து நிற்கவேண்டும். பலமுறை, முன்வாயிலில் ஏறிக் கட்டணத்தைச் செலுத்தி, மீண்டும் இறங்கிப் பின்வாயிலால் ஏறும்படியும் அவர்களை ஏவுவார்கள். 1955-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆந் தேதி ரோஸா பார்க்ஸ் என்னும் தையற்கார அம்மையார் தம் இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்துக் கைது செய்யப்பட்டார். டிசம்பர் 5-ஆந் தேதி அவருக்கு 10 டாலர் அபராதமும் 4 டாலர் வழக்குச் செலவும், ஆக 14 டாலர் விதிக்கப்பட்டது. அன்று காலை முதலே கறுப்பின மக்கள் பஸ் ஏறுவதை நிறுத்திவிட்டனர். ஜோ ஆன் ராபின்ஸன் என்னும் கல்லூரி ஆசிரியையும் அவர்தம் மாதர் சங்கத்தாரும் துண்டுத்தாள்கள் அச்சடித்து நகரெங்கும் பரப்பியதன் பயன் அது. அன்றிரவு ஹோல்ட் தெருப் பாப்திஸ்து ஆலயத்திற் கூடிய பெருங்கூட்டத்தில், 26 வயதே நிரம்பிய மார்ட்டின் லூதர் கிங் என்னும் போதகர் பேசினார். அவர் என்ன பேசினார் என்பது யாவரும் அறிந்ததாகலின் அதனை விடுத்து, அக்கூட்டத்தில் என்ன விற்கப்பட்டது என்பதைப் பார்ப்போம்.

ஜார்ஜியா கில்மோர் என்பவர் அந்நகரத்து உணவுச்சாலை ஒன்றிற் சமையல் வேலை பார்த்த ஓர் அம்மையார். பல பிள்ளைகளின் தாய். பருத்த உடலும் அஞ்சாத நாவும் உடையவர். கிளர்ச்சி தொடங்குவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே அவர் பஸ் ஏறுவதைத் தாமாகவே விட்டுவிட்டார். ஒருநாள் முன்வாயிலில் ஏறிக் காசைப் போட்டபோது, ஓட்டுநர் அவரை இறங்கிப் பின்வாயிலால் வருமாறு அதட்டினார். அம்மையார் இறங்கிப் பின்புறம் செல்லுமுன் பஸ் புறப்பட்டுப் போயிற்று. காசும் போயிற்று, வண்டியும் போயிற்று. ‘இனி நான் இதில் ஏறேன்’ என்று தமக்குள் உறுதி செய்துகொண்டு, நாள்தோறும் வேலைக்கு நடந்தே சென்றார்.

ஹோல்ட் தெருக் கூட்டம் கூடவிருக்கிறது என்று கேள்வியுற்றதும், அவரும் அவருடைய தோழியர் சிலரும் தங்களுக்குள்ளே சில்லறை திரட்டினர். சேர்ந்தது 14 டாலர். (ரோஸா பார்க்ஸ் அம்மையாருக்கு விதிக்கப்பட்ட தொகையும் அதுவே என்பது தற்செயலாக நேர்ந்ததே, எனினும் கணக்குப் புத்தகத்தில் இரண்டையும் எதிரெதிரே எழுதிப் பார்க்க யாருக்குத்தான் ஆசை வாராது?) அப்பணத்திற்குக் கோழியும் ரொட்டியும் கீரையும் வாங்கி, கோழியைப் பொரித்து, ரொட்டித் துண்டுகளினிடையே வைத்துச் சாண்ட்விச் செய்து, கூட்டத்திற்கு வந்தோரிடம் விற்றுக் கிடைத்த பணத்தைக் கிளர்ச்சி நிதியிற் சேர்த்தனர்.

நிற்க. இத்தகைய பணத்துக்கு உண்டான தேவை யாது? பஸ் ஏறாதிருப்பதென்று தீர்மானிப்பது எளிது. மறுநாட் காலை நான்கைந்து மைல் தொலைவிலுள்ள எஜமானர் வீட்டுக்குச் சமையற்காரி எங்ஙனம் போவாள்? முதற் சில நாட்கள் கறுப்பினத்தார் நடத்திய வாடகைக் கார்கள் பஸ் கட்டணமாகிய 10 சென்டுக்கே ஆட்களை ஏற்றிச் சென்றன. நகர அதிகாரிகள் அதனை அறிந்து, குறைந்த பட்சம் 45 சென்டு வாங்கவேண்டுமென்ற பழைய விதியைத் தூசுதட்டி எடுத்தனர். பின்னர், 1953-ஆம் ஆண்டில் லூயிசியானா மாகாணத்துப் பேட்டன் ரூஜ் நகரில் நடந்த இதுபோன்றதொரு கிளர்ச்சியின் அநுபவத்தைக் கேட்டறிந்து, சொந்தக் கார் உடையோர் தம் கார்களை இரவல் தரும் ஏற்பாட்டைச் செய்தனர். ஏறக்குறைய 300 கார்கள் சேர்ந்தன. காலையில் ஆட்களை ஏற்றுமிடங்களும் மாலையில் திருப்பி ஏற்றுமிடங்களும் நகரெங்கும் குறிக்கப்பட்டன. ஆலயங்களின் பெயரால் ஸ்டேஷன் வாகன் என்னும் நீண்ட கார்களும் வாங்கப்பட்டன. அவற்றை ‘உருளும் ஆலயங்கள்’ என்று ஜனங்கள் அழைத்தனர். இவற்றுக்கெல்லாம் எண்ணெய், டயர், பழுது பார்த்தல், ஓட்டுநர் கூலி ஆகிய செலவுகள் உண்டு. உள்ளூர் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிடவே, இறுதியில் லண்டன் மாநகரத்து லாயிட்ஸ் நிறுவனத்தாரிடம் இன்ஷூரன்ஸ் பெறவேண்டியதாயிற்று. மாதந்தோறும் ஆயிரக்கணக்கான டாலர் இதில் கரைந்தது.

இச்செலவைக் கண்ட கில்மோர் அம்மையார், சாண்ட்விச் விற்றதோடு நில்லாமல், தோழியரைத் திரட்டித் தொடர்ந்து சமைத்து விற்க ஏற்பாடு செய்தார். வெண்ணெய், சர்க்கரை, மாவு, முட்டை இவற்றை ஒவ்வொரு பௌண்டு நிறையாகச் சேர்த்துச் சுட்டமையால் பௌண்டு கேக்கு எனப் பெயர்பெற்ற பண்டமும், மாவோட்டினுள்ளே சர்க்கரைவள்ளிக் கிழங்கையேனும் பழத்தையேனும் வைத்துச் சுடும் ‘பை’ என்னும் பணியாரமும் முக்கியமானவை. பொரித்த மீனும் வேகவைத்த கீரையுங் கூட விற்றதுண்டு. விற்ற இடங்களைக் கவனித்தல் வேண்டும். ஆலயக் கூட்டங்கள், சலவைக்கடைகள், வாடகைக் கார் நிலையங்கள், ஸ்திரீகளின் சிகையலங்கார நிலையங்கள் முதலியனவே அவை. அவற்றுள் கறுப்பின மாதர் கூடும் சிகையலங்கார நிலையம் மிக வாய்ப்பான இடம். அதன் சொந்தக்காரி தன் இனத்து மாதரின் காசாலேயே வாழ்பவள். வெள்ளை எஜமானர் எவரும் அவளை வேலையினின்று நீக்கமுடியாது. அங்கே ஒரு கேக்கு விலைபோயிற்றென்றால் அதனை வெளியிற் சொல்வார் இல்லை.

வாரத்துக்குச் சில டாலரே கூலியாகப் பெற்ற வீட்டு வேலைக்காரி ஒருத்தி அதிலிருந்து ஒரு டாலரை எடுத்து நன்கொடையாகக் கொடுத்தால் அவள் பிள்ளைகள் பட்டினி கிடப்பர். ஆனால், இரவில் வேலை முடிந்து வந்தபின் அடுப்பினருகே இரண்டு மணி நேரம் நிற்க அவளால் முடியும். மாவுக்கும் முட்டைக்கும் ஆகும் செலவு சிறிது. கேக்கின் விலையிற் பெரும்பங்கு கைவேலையின் மதிப்பே. அக்கைவேலைக்கு அவள் கூலி கேளாமையால் அம்மதிப்பு முழுவதும் நிதிக்குச் சேர்கின்றது. கையிற் பணமில்லாதவளும் இங்ஙனம் கொடையாளி ஆகிறாள். நம் நாட்டில் உலையிடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிக்கலத்தில் எடுத்துவைக்கும் தாய்மார் இதனை உடனே அறிந்துகொள்வர். சில வாரங்களில் 100 டாலருக்கு மேலும் சேர்ந்ததாகத் தெரிகிறது. ஒரு காலன் பெட்ரோல் அந்நாளில் ஏறக்குறைய 30 சென்டு. ஆகவே 100 டாலர் என்பது முந்நூறு காலனுக்கு மேல். கேக்குத் துண்டுகளை இவ்வாறு எண்ணெயாக மாற்றிப் பார்த்தாலன்றி அவற்றின் பெருமை விளங்காது.

இனி, சங்கத்தின் பெயரைப் பற்றிச் சொல்வேன். அதனை அவர்கள் ‘எவ்விடத்திலிருந்தும் வாராத சங்கம்’ என்று பொருள்படும்படி அழைத்தனர். நம் வழக்கில் ஊர்பேரிலாச் சங்கம் எனலாம். பணம் எங்கிருந்து வந்தது என்று எவரேனும் வினாவினால், ‘எங்கிருந்தும் வரவில்லை’ என்று பொய் சொல்லாமலே விடையளிக்கலாமன்றோ? இது வெறும் வேடிக்கை யன்று. சமைத்தவர்களிற் பலர் வெள்ளையர் வீடுகளில் ஊழியஞ் செய்தவர்கள். 1956-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் நகர மேயரே கிளர்ச்சியை எதிர்ப்போரின் சங்கத்தில் உறுப்பினராய்ச் சேர்ந்தார். அம்மாத முடிவிற் கிங்கின் வீட்டு முற்றத்தில் வெடிகுண்டு வீசப்பட்டது. இந்நிலையில், கிளர்ச்சிக்குப் பணம் உதவுகிறாள் என்று தெரிந்தால் அவளுக்கு வேலை போகும். வாடகை வீடும் போகும். ஆதலால் யார் சமைத்தார், யார் வாங்கினார் என்பதைக் கில்மோர் அம்மையார் ஒருவரே அறிந்திருந்தார். வாங்கியவர்களுள் வெள்ளையர் சிலரும் உண்டு. வெளிப்படையாகக் கிளர்ச்சியை ஆதரிக்க அஞ்சியவர்க்கும் ஒரு கேக்கு வாங்குவதில் அச்சமில்லை. கேக்கு வாங்குவதைக் குற்றமென்று எந்தச் சட்டம் கூறும்? இன்னுமொரு விநோதமும் உண்டு. வேலைக்காரிகளைத் தங்கள் காரில் ஏற்றி வரலாகாதென்று மேயர் வெள்ளை மாதரைக் கடிந்துரைத்தும், அம்மாதரிற் பலர் கேளாமல், தங்கள் வீட்டு வேலை நடக்கவேண்டி, தாங்களே போய் அவர்களை அழைத்து வந்தனர்.

கணக்கு முறை கற்றோர் இவ்விடத்தில் ஆட்சேபிக்கலாம். ஈந்தவர் பெயரும் தொகையும் ஏட்டில் ஏறினாலன்றி நிதி தூய்மையாயிராது என்பது நாம் படிக்கும் பாடம். நம் சங்கங்களின் ஆண்டறிக்கைகளிற் பாதிப் பக்கங்கள் அப்பெயர்களே. யானும் ஒரு சங்கத்துக்குச் சில காலம் பொருளாளனாய் இருந்து, பெயரில்லாத ரசீது ஒன்றுக்காக ஒரு மாலை முழுவதும் வாதாடியவன். கில்மோர் அம்மையார் அம்முறையைத் தலைகீழாக்கினார். பெயர்களை மறைத்தார்; தொகையை மறைக்கவில்லை. திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் நடந்த கூட்டங்களில், ஆலயத்தின் நடுவழியே பாடிக்கொண்டு முன்சென்று, சேர்ந்த தொகை இவ்வளவென்று அனைவரும் கேட்கக் கூறுவார். ஜனங்கள் கைதட்டித் தரையிற் காலால் உதைத்து ஆரவாரஞ் செய்வர். சமைத்தவளும் அக்கூட்டத்தில் எங்கோ ஓர் இருக்கையில் இருப்பாள். தன் கையில் வந்த காசு சென்று சேர்ந்ததா என்பதை அவள் காதாற் கேட்டு அறிந்துகொள்வாள். அவளுக்கு வேறு ரசீது வேண்டியதில்லை.

நகரின் மற்றொரு பகுதியில் ஐனெஸ் ரிக்ஸ் என்னும் அம்மையார் ‘சிநேக சங்கம்’ என்று ஒன்றை நிறுவி இவ்வாறே பணம் திரட்டலானார். இவ்விரு சங்கத்தாரும் யார் மிகுதியாகக் கொண்டுவருவார் என்று போட்டியிட்டனர். ஏழை மாதரின் ஊக்கத்தைப் போட்டியால் வளர்ப்பது தகுமோ என்று சிலர் ஐயுறலாம். கூட்டத்தார் அதனை ஒரு பந்தாட்டம்போலக் களித்தனர் என்றே தோன்றுகிறது. நடந்து நடந்து கால் நொந்தவர்களுக்குக் களிப்பும் ஓர் உணவே.

கிளர்ச்சியின் செலவு முழுவதையும் கேக்குகளே தாங்கின என்று சொல்வது மிகையாகும். வெடிகுண்டு வீச்சுக்கும் அதன்பின் நடந்த கைதுகளுக்கும் பிறகு வெளியூர்களிலிருந்து பெருந்தொகைகள் வந்தன. அவையின்றி உருளும் ஆலயங்கள் உருண்டிரா. ஆயின், வெளியூர்ப் பணம் செய்தித்தாளில் வரும் செய்தியைப் பின்தொடர்ந்து வருவது. செய்தி இல்லாத வாரத்தில் அது மெலியும். அயல்வீட்டு அடுப்போ செய்தியை எதிர்பாராமல் வாரந்தோறும் எரிந்தது. யான் அதனை மேலானதாக மதிப்பது இதனாலேயே.

1956-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், 1921-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி கிங்கின்மேல் வழக்குத் தொடுத்தனர். பெயரை மறைத்துப் பணம் திரட்டிய கில்மோர் அம்மையார் அவ்வழக்கிலே தம் பெயரை மறையாமற் சாட்சிக்கூண்டில் ஏறி, தம் காசை வாங்கிக்கொண்டு விட்டுச் சென்ற பஸ்ஸின் கதையை நீதிபதியின் முன் கூறினார். பிறர் பெயரைக் காத்தவர் தம் பெயரைக் காத்துக்கொள்ளவில்லை. கிங்குக்கு 500 டாலர் அபராதமும் அதே அளவு வழக்குச் செலவும் விதிக்கப்பட்டன. அம்மையாருக்கு வேலை போயிற்று. தம் வீட்டிலேயே சமைத்து விற்குமாறு கிங் அவரை ஊக்கி, பெரிய பாத்திரங்கள் வாங்க உதவினார். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டும் அவ்வீடு நாளடைவில் ஓர் உணவுச்சாலையாயிற்று. கிங்கும் அவருடைய தோழரும் அங்கே உண்டு, அங்கேயே ஆலோசனையும் நடத்தினர்.

1956-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆந் தேதி, பஸ்களில் இனப் பிரிவினை செல்லாதென்று கீழ்நீதிமன்றம் அளித்த தீர்ப்பை நாட்டின் உயர்தனி நீதிமன்றம் உறுதி செய்தது. அதே நாளில் உள்ளூர் நீதிமன்றம் கார் ஏற்பாட்டுக்குத் தடையுத்தரவு விதித்தது. தீர்ப்பின் கட்டளை நகருக்கு வந்து சேர ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. அதுவரை கார்களின்றி ஜனங்கள் நடந்தனர். டிசம்பர் 20-ஆந் தேதி கட்டளை வந்தது; மறுநாள் பஸ் ஏறினர். கிளர்ச்சி 381 நாட்கள் நடந்தது.

அம்மையாரின் அடுப்பு அத்துடன் அணையவில்லை. நகரப் பூங்கா ஒன்றின் வழியே சென்ற தம் மகன் 1957-இல் அடிபட்டமையால், பூங்காக்களின் இனப் பிரிவினையை எதிர்த்துப் பிறரோடு சேர்ந்து வழக்குத் தொடுத்து 1959-இல் வென்றார். நகராட்சியார் கலந்து உலாவ இடங்கொடாமல் பூங்காக்களையே மூடிவிட்டனர் என்பது அவ்வழக்குக்குக் கிடைத்த கைம்மாறு.

1990-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், ஸெல்மா நகரிலிருந்து மாண்ட்கமரிக்கு நடந்த வாக்குரிமை யாத்திரையின் 25-ஆம் ஆண்டு நினைவு வந்தது. அதற்கென நடந்து வருவோருக்கு உணவளிக்க எண்ணி, அவ்வம்மையார் விடியற்காலையில் எழுந்து கோழியும் பாற்கட்டி சேர்த்த மாக்கரோனியும் சமைக்கத் தொடங்கினார். அன்றே நோயுற்று இறந்தார். துக்கங் கேட்க வந்தவர்களுக்கு, அவர் கையாற் சமைத்து வைத்திருந்த அவ்வுணவையே வீட்டார் பரிமாறினர்.