பிறர் பொருளின் கண்ணியம்: முடக்கப்படும் கணக்குகளும் கிரிப்டோ பறிமுதலும்

புகழ் அனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



ஹஜ்ஜத்துல் விதாவில் பெருமானார் (ஸல்) அவர்கள் நிகழ்த்திய பேருரையில் மனிதர்களின் உயிர், பொருள், மானம் ஆகிய மூன்றையும் ஒரே வரிசையில் வைத்தார்கள். அந்த நாளும், அந்த மாதமும், மக்கா நகரமும் எந்த அளவு புனிதமோ, அந்த அளவு புனிதம் இம்மூன்றுக்கும் உண்டு என்று அறிவித்தார்கள். உயிரின் கண்ணியத்தையும் மானத்தின் கண்ணியத்தையும் நாம் அடிக்கடி பேசுகிறோம். பொருளின் கண்ணியத்தை அந்த அளவுக்குப் பேசுவதில்லை. இன்று அதைப் பேச வேண்டிய தேவை நம் தொழிலுக்கு உள்ளேயே வந்துவிட்டது.

சனிக்கிழமை சம்பளமும் முடங்கிய கணக்கும்

காதர்பேட்டையில் பனியன் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். வெளிமாநிலத்துப் பார்ட்டி ஒருவர் சரக்கு எடுக்கிறார். பணம் வேறு யாருடைய கணக்கிலிருந்தோ வருகிறது. பில் இருக்கிறது, சரக்கு போய்விட்டது, இவர் மனதில் எந்தக் கள்ளமும் இல்லை. சில வாரங்கள் கழித்து வங்கிக்குப் போனால் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது. எங்கோ ஒரு மாநிலத்தில் சைபர் மோசடியில் ஏமாந்தவர் கொடுத்த புகார் அது. அவருடைய பணம் நாலைந்து கணக்குகள் கைமாறி இவர் கணக்கைத் தொட்டிருக்கிறது.

சந்தேகத்திற்குரிய தொகை சில ஆயிரமாக இருக்கலாம். ஆனால் கணக்கு முழுவதும் நின்றுவிட்டால் நூல் கடைக்குக் கொடுத்த செக் திரும்பும், ஜாப் ஒர்க் பாக்கி நிற்கும், சனிக்கிழமை டெய்லருக்கும் செக்கிங் பெண்களுக்கும் கொடுக்க வேண்டிய வாரச் சம்பளம் நிற்கும். முடங்கியது ஒருவர் கணக்கு. அடுப்பு எரியாதது பல வீடுகளில்.

கிரிப்டோ வாங்கி விற்கும் நம் இளைஞர்களுக்கும் இது நேர்கிறது. கைப்பேசி செயலி வழியாக முகம் தெரியாத ஒருவருக்கு நாணயத்தை விற்கிறார்கள். ரூபாய் உடனே கணக்கில் ஏறுகிறது. வாங்கியவர் கொடுத்தது மோசடிப் பணமாக இருந்தால், காவல்துறை பின்தொடர்ந்து வந்து நிற்பது விற்றவரின் கணக்கில்தான்.

சொத்து என்ற பெயரின் இரண்டு பக்கங்கள்

வங்கிக் கணக்கு என்பது சொத்துதான், எனவே விசாரணைக்காகக் காவல்துறை அதை முடக்கலாம் என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிரிப்டோ நாணயத்துக்கும் அப்படி ஒரு தீர்ப்பு நம் மாநிலத்திலிருந்தே வந்தது. 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் என்ற கிரிப்டோ சந்தையிலிருந்து 23 கோடி டாலருக்கும் மேற்பட்ட மதிப்புள்ள நாணயங்களைத் திருடர்கள் கொண்டுபோனார்கள். திருடப்பட்டது ஒரு வகை நாணயம். ஆனால் வேறு வகை நாணயம் வைத்திருந்தவர்களின் கணக்குகளும் சேர்ந்தே முடங்கின. நட்டத்தை எல்லோர் மீதும் பங்கு போடவும் நிறுவனம் முனைந்தது. அப்படிப் பாதிக்கப்பட்ட முதலீட்டாளர் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். கிரிப்டோ நாணயம் கையால் தொட முடியாததுதான், சட்டப்பூர்வ செலாவணியும் அல்ல, ஆனாலும் அது ஒருவர் அனுபவிக்கவும் அமானத்தாக வைக்கவும் கூடிய சொத்து என்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2025 அக்டோபரில் கூறி, அவருடைய பங்குக்குப் பாதுகாப்பு அளித்தார்.

இதில் இரண்டு பக்கங்களையும் கவனியுங்கள். சொத்து என்று ஆகிவிட்டால் அதை அநியாயமாக எடுக்கக் கூடாது. அதே நேரம், சொத்து என்பதாலேயே அரசு அதைக் கைப்பற்றவும் முடியும். 2023 மார்ச்சில் கிரிப்டோ பரிமாற்றங்கள் கருப்புப்பண மோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன. 2025 பிப்ரவரியில் பிட்கனெக்ட் மோசடி வழக்கில் மட்டும் சுமார் 1,646 கோடி ரூபாய் மதிப்புள்ள கிரிப்டோவை அமலாக்கத்துறை கைப்பற்றியது.

"கிரிப்டோ ஹலாலா ஹராமா என்பதிலேயே உலமாக்களிடம் கருத்து வேறுபாடு இருக்கிறதே, அதை யார் எடுத்தால் என்ன?" என்று சிலர் நினைக்கலாம். அந்த எண்ணம் தவறு. நம் ஹனபி மத்ஹபின் சட்டநூல்களைப் பாருங்கள். இஸ்லாமிய ஆட்சியில் வாழும் முஸ்லிமல்லாதவரின் மதுவை ஒரு முஸ்லிம் கொட்டிவிட்டால், அதன் விலையை அவர் ஈடாகக் கொடுக்க வேண்டும். மது நமக்கு ஹராம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனாலும் அவருக்கு அது பொருள். பிறர் பொருளின் கண்ணியம் நம் விருப்பு வெறுப்பைப் பொறுத்தது அல்ல என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

ஆட்சியாளர் பொருளைத் தொடும்போது

மக்கா வெற்றிக்குப் பிறகு ஹுனைன் போருக்குப் புறப்படும் நேரம். நபி (ஸல்) அவர்களுக்குக் கவசங்கள் தேவைப்பட்டன. அவை ஸஃப்வான் இப்னு உமைய்யாவிடம் இருந்தன. அவர் அப்போது இஸ்லாத்தை ஏற்றிருக்கவில்லை. நேற்று வரை எதிரியாக இருந்தவர். ஊர் வெல்லப்பட்டுவிட்டது, படை நபியவர்களிடம் இருக்கிறது. கவசங்களைக் கேட்டபோது, இது பறிமுதலா என்று அவர் துணிந்து கேட்டார். இல்லை, இது இரவல், இதற்கு நாம் பொறுப்பு என்று நபி (ஸல்) அவர்கள் பதில் அளித்தார்கள். போரில் சில கவசங்கள் காணாமல் போனபோது ஈடு தரவும் முன்வந்தார்கள். இந்தச் செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது.

அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை ஸஃப்வானுக்கு இருந்தது. பதில் சொல்லும் கடமை தமக்கு உண்டு என்று அல்லாஹ்வின் தூதர் (ஸல்) காட்டினார்கள். எடுப்பதற்கு முன் காரணம் சொன்னார்கள், எந்த வகையில் எடுக்கிறோம் என்பதைச் சொன்னார்கள், குறைந்தால் நாம் பொறுப்பு என்றார்கள்.

முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோதும் இதே பாடம்தான். ஜகாத் என்ற மார்க்கக் கடமையை வசூலிக்கப் போகிறவருக்கே, மக்களின் சிறந்த பொருள்களைப் பொறுக்கி எடுக்காதீர் என்று எல்லை வகுத்தார்கள். அநீதி இழைக்கப்பட்டவரின் துஆவை அஞ்சும்படி எச்சரித்தார்கள். அந்த துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை இல்லை என்றார்கள். இந்த எச்சரிக்கை அதிகாரம் கையில் உள்ளவருக்குச் சொல்லப்பட்டது என்பதை மறந்துவிடாதீர்கள்.

நம் நாட்டின் சட்டமும் இந்தத் திசையில்தான் பேசுகிறது. 1978-ல் நிறைவேறிய 44-வது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆனாலும் சட்டத்தின் அதிகாரமின்றி எவருடைய சொத்தையும் பறிக்க முடியாது என்று 300-ஏ பிரிவு காவல் நிற்கிறது. நிலம் கையகப்படுத்தும் ஒரு வழக்கில் 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை விரித்துரைத்தது. அறிவிப்பு தர வேண்டும், உரியவர் சொல்வதைக் கேட்க வேண்டும், முடிவுக்குக் காரணம் கூற வேண்டும், பொதுநலனுக்காக மட்டுமே எடுக்க வேண்டும், நியாயமான ஈடு தர வேண்டும், இழுத்தடிக்காமல் நடத்தி முடிக்க வேண்டும் என்றது. சைபர் வழக்கு ஒன்றில் சென்னை உயர் நீதிமன்றமும் 2024-ல், சந்தேகத்திற்குரிய தொகையோடு நிற்காமல் முழுக் கணக்கையும் காலவரையின்றி முடக்குவது வாழ்வாதாரத்தையும் வியாபாரம் செய்யும் உரிமையையும் பாதிக்கும் என்று கூறியது.

பறிமுதல் ரஹ்மத்தாகும் இடம்

அப்படியானால் அரசு எதையும் கைப்பற்றவே கூடாதா? நம் ஊர்க்காரர்கள் இதைக் கேட்க மாட்டார்கள். பாசி நிறுவனத்தை நாம் மறக்கவில்லை. அந்நியச் செலாவணி வர்த்தகம், அதிக லாபம் என்று சொல்லி 2008, 2009-ம் ஆண்டுகளில் திருப்பூரில் இயங்கி, சுமார் 930 கோடி ரூபாய் மக்கள் பணத்தை மோசடி செய்த வழக்கு அது. சிபிஐ விசாரித்தது. கோவை சிறப்பு நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் இருவருக்கு 27 ஆண்டு சிறைத் தண்டனையும் சுமார் 171 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. மகள் கல்யாணத்துக்குச் சேர்த்ததை அங்கே போட்டவருக்குத் தெரியும், மோசடிக்காரனின் சொத்து கைப்பற்றப்படுவது எவ்வளவு அவசியம் என்று. 1997-ம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது: சொத்தை முடக்கி, விற்று, ஏமாந்தவருக்குத் திருப்பித் தருவதற்காக. இந்தப் பறிமுதல் ஸுல்ம் அல்ல, ஸுல்முக்கு மருந்து.

ஆனால் மருந்து நோயாளியிடம் போய்ச் சேர வேண்டும். கிரிப்டோவில் இங்கே புதிதாக ஒரு கேள்வி எழுகிறது. சீனாவில் 1,28,000-க்கும் மேற்பட்ட மக்களை ஏமாற்றிய பணத்தில் வாங்கப்பட்ட 61,000 பிட்காயின்களை 2018-ல் பிரிட்டன் காவல்துறை கைப்பற்றியது. அதன் பிறகு பிட்காயின் விலை பல மடங்கு உயர்ந்தது. அந்த உயர்வு யாருக்கு? ஏமாந்தவர்களுக்கா, அரசின் கஜானாவுக்கா? அமெரிக்காவோ பறிமுதல் செய்த பிட்காயின்களை விற்காமல் அரசின் இருப்பாக வைக்க 2025 மார்ச்சில் உத்தரவிட்டது. பறிமுதலே அரசுக்கு ஆதாயமாகிவிட்டால், கைப்பற்றும் கை வேகமாகவும் திருப்பித் தரும் கை மெதுவாகவும் அசையும் என்ற அச்சம் நியாயமானது. பொருள் உரியவரிடம் திரும்பினால்தான் நீதி முழுமை அடையும்.

நாம் செய்ய வேண்டியவை

அன்பான சகோதரர்களே! அரசின் கடமையைப் பேசியதோடு எழுந்துவிடக் கூடாது. நம் பங்கும் இருக்கிறது.

முதலாவது, பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சரக்கு எடுத்தவர் பெயரும் பணம் அனுப்பியவர் பெயரும் வேறாக இருந்தால் காரணம் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். பில், டெலிவரி சலான், வாட்ஸ்அப் பேச்சு அனைத்தையும் பாதுகாத்து வையுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282-வது வசனம் கட்டளையிடுவது நம் நன்மைக்காகவே.

இரண்டாவது, உங்கள் வங்கிக் கணக்கை யாருக்கும் வாடகைக்கு விடாதீர்கள். "கணக்கைக் கொடு, கமிஷன் தருகிறேன்" என்று இளைஞர்களிடம் வருகிறவன் மோசடிக்காரனின் ஆள். அந்தக் கமிஷன் ஹராம். எங்கோ ஒரு முதியவரின் பென்ஷன் பணம் அதில் கலந்திருக்கிறது.

மூன்றாவது, பேமெண்ட் தகராறைச் சைபர் புகாராக மாற்றாதீர்கள். எதிராளியை மடக்குவதற்காகப் பொய்ப் புகார் கொடுத்து அவர் கணக்கை நிறுத்துவது எளிது. அதிகாரிகளைக் கருவியாக்கி மக்களின் பொருளைப் பாவமான முறையில் தின்பதை அல்பகராவின் 188-வது வசனம் பெயர் சொல்லியே தடுக்கிறது. வாதத் திறமையால் சகோதரனின் உரிமையைத் தீர்ப்பாக வாங்கிக்கொள்பவர் வாங்குவது நெருப்புத் துண்டு என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள்.

நான்காவது, கணக்கு முடங்கினால் ஓடி ஒளியாதீர்கள், இடைத்தரகரிடம் பணம் கொடுக்காதீர்கள். எந்தப் புகார், எந்த ஊர் காவல் நிலையம், எவ்வளவு தொகை என்பதை வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். ஆவணங்களோடு விசாரணை அதிகாரிக்குப் பதில் கொடுங்கள். சொத்தைக் கைப்பற்றும் காவல் அதிகாரி அதை உடனே நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-வது பிரிவு. விடுவிக்கக் கோரி அந்த நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். நீங்களே ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். பணம் கைமாறுவதற்கு முன் தடுப்பதுதான் திரும்பக் கிடைக்க வழி.

ஐந்தாவது, முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. அரசு நம் பணத்தை ஒரு வாரம் நிறுத்தினால் நெஞ்சு பதறுகிறது. நம்மிடம் வேலை செய்பவரின் கூலியை நாம் நிறுத்தி வைக்கும்போது அவர் நெஞ்சும் அப்படித்தான் பதறும். அவருக்கு மனுச் செய்ய நீதிமன்றம் தெரியாது, வக்கீல் கிடையாது. ஆனால் திரையில்லாத துஆ அவரிடமும் இருக்கிறது.

யா அல்லாஹ்! எங்கள் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி, பரக்கத் செய்வாயாக! பிறர் பொருளைத் தீண்டுவதிலிருந்து எங்கள் கைகளைக் காப்பாயாக! அதிகாரம் கொடுக்கப்பட்டவர்களின் உள்ளங்களில் நீதியைப் போடுவாயாக! அநியாயமாகப் பொருளை இழந்து நிற்பவர்களுக்கு அதை நலமுடன் திருப்பித் தருவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.