பழந்துணியில் ஒரு சித்திரம் – தையற் பாடம்

கிழிந்த சேலையை நாம் என்ன செய்கிறோம்? மடித்துப் பிள்ளைக்கு விரிக்கிறோம், தொட்டில் கட்டுகிறோம், மிச்சத்தை அடுப்படித் துணியாக்குகிறோம். துணியை வீணாக்காத பழக்கம் நம்ம லயங்களில் என்றுமே உண்டு. இந்தப் பழக்கத்தையே பெரிய கலையாக வளர்த்த சில பெண்களைப் பற்றியும், அவர்கள் தைக்கும் முறையைப் பற்றியும் இன்றைய பாடத்தில் பார்ப்போம். "விடிஞ்சா பிரட்டு, பொழுது சாஞ்சா அடுப்படி, இதுல கலை வேறயா?" என்று கேட்கும் சகோதரிகள்தான் இதை முதலில் வாசிக்க வேண்டும். அந்தப் பெண்களுக்கும் நேரம் இருக்கவில்லை.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த ஓர் இடத்தில் ஜீஸ் பெண்ட் என்ற கிராமம் இருக்கிறது. 1816இல் ஜோசப் ஜீ என்பவர் அங்கே பருத்தித் தோட்டம் போட்டார். 1845இல் அது மார்க் பெட்வே என்பவரின் கைக்கு மாறியது. தோட்டத்தில் வேலை செய்தவர்கள் ஆபிரிக்க அடிமைகள். முதலாளியின் பெயரே அவர்களுக்கும் ஒட்டிக்கொண்டதால், இன்றும் அந்த ஊரில் பலருக்குப் பெட்வே என்றுதான் பெயர். 1865இல் அடிமைமுறை ஒழிந்த பிறகும் அதே நிலத்தில் விளைச்சலில் பங்குக்கு உழைத்துக் கடனில் கிடந்தார்கள். 1932இல், கடன் கொடுத்த வியாபாரி இறந்ததும் அவருடைய வீட்டார் வந்து மாடு, கலப்பை, தானியம் என்று அகப்பட்டதையெல்லாம் அள்ளிப் போனார்கள். அடிமைகளின் கதையும் ஆள்கட்டி வந்த நம்ம பாட்டன் பாட்டியின் கதையும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. ஆனாலும் தோட்டத்துக் கடன் என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பிறகு அரசாங்கம் அந்த நிலத்தை வாங்கி, வீடு கட்டி, 1940களில் அங்கே குடியிருந்தவர்களுக்கே விற்றது. 1960களில் வாக்குரிமை கேட்டதற்காகப் பக்கத்து ஊர்களில் பல குடும்பங்களை நிலத்தைவிட்டுத் துரத்தினார்கள். ஜீஸ் பெண்ட்காரர்களை அப்படி எளிதாகத் துரத்த முடியவில்லை. அதற்குப் பதிலாக 1962இல் ஆற்றைக் கடக்கும் படகுச் சேவையை நிறுத்தினார்கள். அது திரும்ப ஓடத் தொடங்கியது 2006இல்தான். காணியும் வீடும் சொந்தமாக இருந்தபடியால் சனம் அங்கேயே தங்கியது, தாயிடமிருந்து மகளுக்குத் தையலும் தங்கியது. காணி உரிமை பற்றி நாம் பேசும்போது இதையும் நினைவில் வைக்கலாம்.

இனி அவர்களுடைய தையலுக்கு வருவோம். அவர்கள் தைத்தது 'குவில்ட்' என்னும் போர்வை. மேலே துண்டுகளைப் பொருத்திய துணி, நடுவே பஞ்சு, அடியில் ஒரு துணி என்று மூன்று அடுக்கு. மூன்றையும் சேர்த்து ஊசியால் ஓட்டித் தைத்துவிடுவார்கள். பலகை வீட்டின் இடுக்குகளால் குளிர் காற்று வரும். சுவரில் பழைய பத்திரிகைகளை ஒட்டி, கட்டிலில் போர்வைக்கு மேல் போர்வையாகப் போட்டுப் படுத்தார்கள். லொரெட்டா பெட்வே என்ற அம்மா, தனக்குத் தையலே பிடிக்காது, குளிருக்காகத்தான் தைத்தேன் என்று சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவருக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் 2015இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக்கலை விருது கிடைத்தது. ஆசை இருந்தால்தான் கலை வரும் என்று சொல்லுகிறவர்களுக்கு இது பதில்.

மிசூரி பெட்வே என்ற பெண்ணின் கணவர் இறந்துபோனார். அவர் வயலுக்குப் போட்ட காற்சட்டைகளையும் சட்டைகளையும் பிரித்து, அவர் நினைவாக ஒரு போர்வை தைத்தார் மிசூரி. மகள் ஆர்லோன்சியாவும் கூட இருந்தார். வெளுத்த நீலம், கறை, தேய்மானம் எதையும் அவர் மறைக்கவில்லை. அந்தப் போர்வையைப் பார்த்தாலே உழைத்த ஓர் ஆள் கண்ணுக்குத் தெரிகிறார். கொழுந்துக்கூடைக்குக் கீழே நாம் கட்டும் படங்கைக் கொஞ்சம் பாருங்கள். இடுப்பில் செடி உரசி உரசித் தேய்ந்த இடம் ஒரு நிறம், மடிப்புக்குள் இருந்த இடம் வேறு நிறம். கடையில் காசு கொடுத்தாலும் அந்த நிறம் கிடைக்காது.

சரி, தைக்கத் தொடங்குவோம். அங்கே எல்லாரும் முதலில் பழகும் முறைக்கு 'வீட்டுக்கூரை' என்று பெயர். நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள், அவ்வளவுதான். துணியை முதலில் துவைத்துக் காய வையுங்கள். ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள், சாயம் விட்டால் அதைச் சேர்க்க வேண்டாம். வெளிச்சத்துக்குப் பிடித்தால் அரிதட்டு மாதிரித் தெரியும் துணி தையலைத் தாங்காது, அதையும் ஒதுக்குங்கள். நைலக்ஸ் சேலை வழுக்கும், இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகும். முதல் வேலைக்குப் பருத்தியே நல்லது.

நடுச் சதுரத்தை 4½ அங்குலமாக வெட்டுங்கள். பட்டைகளின் அகலம் 2½ அங்குலம். சதுரத்தின் ஒரு பக்கத்தில் பட்டையை முகத்தோடு முகம் வைத்து, ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே தையுங்கள். விரித்து நகத்தால் அழுத்துங்கள். மிஞ்சிய நீளத்தை வெட்டிவிட்டு, துணியைத் திருப்பி, அடுத்த பக்கத்துக்கு அடுத்த பட்டை. புதுப் பட்டை எப்போதும் முந்தின பட்டையின் நுனியையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். நாலு பக்கமும் முடிந்தால் ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் 4 அங்குலம் கூடும். மூன்று சுற்றில் 16 அங்குலம், ஒரு குஷன் உறைக்குப் போதும். கையால் தைத்தால் பல நாள் இரவு போகும். ஆண்களும் செய்யலாம், தோட்டத்துத் தையல்கடையில் மெஷின் மிதிக்கிறவர் யார்?

இவ்வளவும் கைப்பழக்கம். கலைஞராக வளர்வது இதற்கு அப்புறம். ஜீஸ் பெண்ட் பெண்கள் போர்வைகளைத் துவைத்து வெளியே கொடியில் காயப்போடுவார்கள். மற்றவர்கள் அந்தப் பக்கம் போகும்போது நின்று பார்ப்பார்கள். பார்த்ததை அப்படியே போய்த் தைக்கமாட்டார்கள். பட்டையை அகலமாக்குவார்கள், சதுரத்தை ஓரத்துக்குத் தள்ளுவார்கள், ஒரே ஒரு சிவப்புத் துண்டை யாரும் எதிர்பார்க்காத இடத்தில் வைப்பார்கள். இப்படித் தைத்ததை அவர்கள் 'என் வழி' என்று சொன்னார்கள். நீங்களும் முதலாவதை நேராகத் தையுங்கள். இரண்டாவதில் ஒரு விசயத்தை மட்டும் மாற்றுங்கள். தைக்குமுன் துண்டுகளைத் தரையில் பரப்பி எட்டி நின்று பாருங்கள், ஓர் இரவு அப்படியே கிடக்கட்டும். வெளிர் நிறம் எங்கே, அடர் நிறம் எங்கே என்று கண் தானாகத் தேடும். கோணல் வந்தால் உடனே பிரிக்காதீர்கள். வேண்டாத கோணலா, உயிர் கொடுக்கிற கோணலா என்று அடுத்த நாள் பார்த்துத் தீர்மானியுங்கள். எங்கள் எண்ணத்தில், புத்தகத்து ரோசாப்பூவைப் பத்துத் தடவை தைப்பதைவிட இப்படி மூன்று துணி தைப்பது மேல்.

விற்பனை என்று வந்தால் விசயம் வேறு. 1966இல் அந்தப் பகுதிப் பெண்கள் 'ஃப்ரீடம் குவில்டிங் பீ' என்ற கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்கள். நகரத்துக் கடைகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே மாதிரி கேட்டன. 1972 முதல் சியர்ஸ் நிறுவனத்துக்குக் கோடுரோய் துணியில் தலையணை உறைகள் தைத்தார்கள். கட்டளைக்குத் தைத்தது வீட்டுக்குக் காசு கொண்டுவந்தது, அதைக் குறைவாகச் சொல்லக் கூடாது. ஆனால் மிஞ்சிய கோடுரோய்த் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தங்கள் இஷ்டத்துக்குத் தைத்தார்கள். இன்று அருங்காட்சியகங்களில் தொங்குகிறவற்றில் அந்த மிச்சத் துண்டுகளும் உண்டு. 2002இல் ஹூஸ்டன் நகரிலும் பின்பு நியூயோர்க்கிலும் இந்தப் போர்வைகளைக் காட்சிக்கு வைத்தார்கள். 2006இல் பத்துப் போர்வைகள் அமெரிக்கத் தபால் முத்திரைகளில் வந்தன. ஒரு காலத்தில் பழைய போர்வையை நுளம்புக்குப் புகை போட எரித்த ஊர் அது.

பேர் வந்ததும் வம்பும் வந்தது. 2007இல் சில பெண்கள், தங்கள் வேலையிலிருந்து வந்த பணம் தங்களுக்குச் சரியாகக் கிடைக்கவில்லை என்று வழக்குப் போட்டார்கள். 2008இல் அது தீர்க்கப்பட்டது. இது புதுப் பிரச்சினை அல்ல. ஜோர்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்த ஹரியட் பவர்ஸ் என்ற பெண், பைபிள் கதைகளைத் துணியில் வெட்டி ஒட்டித் தைத்த போர்வையை முதலில் விற்க மறுத்தார். பிறகு கையில் காசு இல்லாமல் 10 டொலர் கேட்டு, 5 டொலருக்குக் கொடுத்தார். வாங்கிய ஜெனி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை, ஒவ்வொரு படத்துக்கும் ஹரியட் சொன்ன விளக்கத்தை எழுதி வைத்தார். அதனால்தான் வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இன்று அந்தப் போர்வை ஹரியட்டின் பெயரோடு இருக்கிறது. எத்தனையோ பேருடைய வேலை பெயரில்லாமலே போய்விட்டது.

ஆகவே, விற்கிறதோ கொடுக்கிறதோ, கையை விட்டுப் போகுமுன் ஒரு கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். என்ன துணி, யாருடைய துணி, எத்தனை நாள் வேலை, யாருக்குக் கொடுத்தது, எவ்வளவுக்கு. விலை போடும்போது நூல் காசோடு வேலை செய்த நாட்களையும் கணக்கெடுங்கள். துணியின் பின்பக்க மூலையில் இரண்டு அங்குல வெள்ளைத் துணியொன்றைத் தைத்து, அதில் உங்கள் பெயர், தோட்டம், டிவிசன், வருசம் நாலையும் நூலால் தையுங்கள். பேனை மை நாலு தடவை துவைத்தால் போய்விடும். எழுத்தைப் பென்சிலால் வரைந்து, இரண்டு இழை நூலில் பின்தையல் போட்டால் துணி இருக்கும்வரை இருக்கும்.