ஒரே தொடக்கம், வெவ்வேறு வளர்ச்சி
திருச்சுழி வட்டாரத்தில் சிறப்புப் பயிற்றுநராக நான் செல்லும் பள்ளிகளில் ஆட்டிசம் உள்ள இரு மாணவர்கள் படிக்கின்றனர். முதல் வகுப்பில் இருவருக்கும் பேச்சில்லை. இன்று ஒருவன் வாக்கியமாகப் பேசுகிறான். ஆனால் மணியோசை கேட்டால் காதைப் பொத்திக்கொள்கிறான். மற்றவன் தண்ணீர் வேண்டுமெனில் பட அட்டையை எடுத்து நீட்டுகிறான். இரண்டும் வளர்ச்சியே.

மருத்துவர் லியோ கானர் 1943இல் விவரித்த 11 குழந்தைகளின் நிலையை 1971இல் மீண்டும் பதிவுசெய்தார். ஒருவர் வங்கி ஊழியராகியிருந்தார். காப்பகங்களில் விடப்பட்ட சிலர் இருந்த திறனையும் இழந்திருந்தனர். சூழலும் வளர்ச்சியைத் தீர்மானிக்கிறது.

எனவே, மாணவனை வகுப்புத் தோழரோடு ஒப்பிடாமல், ஆறு மாதத்துக்கு முந்தைய அவனோடு ஒப்பிடுவோம். பேச்சு, விளையாட்டு, உணவு, கழிப்பறைப் பழக்கம் ஆகியவற்றைத் தனித்தனியே தேதியிட்டுக் குறிப்போம். முதல் வகுப்பில் எழுதிய ‘பேச்சு வராது’ என்ற ஒற்றை வரி, ஐந்தாம் வகுப்புவரை அவனைத் தொடரக் கூடாது.